தானாகப் பிரேக் அடிக்கிற கார்: அடாஸை அணைத்துவிடலாமா?

8 ஜூலை 2025, ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் திண்டிவனம் தாண்டி திருச்சி பக்கம் 90-ல் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு வண்டி கூட இல்லை. மேம்பாலம் ஏறப் போகிற இடத்தில் கார் தானாகவே சடாரென்று பிரேக் அடித்தது. பின்னால் வந்த ஆம்னி பஸ் நூலிழையில் ஒதுங்கிப் போனது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "கோட் எதுவும் விழவில்லை சார், நார்மல்தான்" என்கிறார்கள். கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுநருக்கு உதவுகிற இந்த அடாஸை மொத்தமாக அணைத்துவிட்டு ஓட்டலாமா? இதற்காகத்தானே டாப் வேரியன்ட் எடுத்தேன் என்று வயிறும் எரிகிறது.

8 ஜூலை, இரவு

மொத்தமாக அணைக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: குரூஸ் போட்டிருந்தீர்களா?

அடாஸ் என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே நாலைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அடாப்டிவ் குரூஸ் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அது போடுகிற பிரேக் மிதமானது. ஏஇபி என்கிற அவசரப் பிரேக் வேறு ஆள். சிவப்பில் எச்சரிக்கை வரும், பீப் அடிக்கும், சில கார்களில் சீட் பெல்ட் இறுகும், அப்புறம் முழு பலத்தோடு பிடிக்கும். குரூஸை நீங்கள் போட்டால்தான் உண்டு. ஏஇபியைப் பெரும்பாலான கார்களில் அணைத்து வைத்தாலும் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது திரும்ப ஆன் ஆகிவிடும். தொல்லை குரூஸிலிருந்து வந்திருந்தால் அதை மட்டும் விட்டால் போதும்.

கோட், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிகிற பழுதுக் குறியீடு, விழவில்லை என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பாகம் பழுதானால்தான் கோட் விழும். இங்கே பாகம் எதுவும் பழுதாகவில்லை. ரேடார் எதையோ பார்த்தது, கம்ப்யூட்டர் அதைத் தடை என்று நம்பியது, பிரேக் சொன்னபடி பிடித்தது. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். பஸ் டிரைவருக்குத்தான் உயிர் போய் வந்திருக்கும்.

9 ஜூலை

குரூஸ் போடவில்லை, சிவப்பு எச்சரிக்கை வந்தது என்கிறீர்கள். அப்படியானால் ஏஇபிதான்.

மேம்பாலம் என்பதால் ஒரு ஊகம். சாதாரண கார் ரேடாருக்குத் தூரம் தெரியும், வேகம் தெரியும், இடம் வலம் ஓரளவு தெரியும். உயரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் அது மந்தம். சாலை மேலே ஏறுகிற இடத்தில் கார் மூக்கைத் தூக்கும்போது, எதிரே உயரத்தில் தொங்குகிற பச்சைப் பெயர்ப் பலகை "நேர் எதிரே நிற்கிற பெரிய இரும்பு" ஆகிவிடுகிறது. கேமராதான் "அது பலகை, விடு" என்று சொல்ல வேண்டும். வெயில் கண்ணைக் குத்துகிற நேரமாக இருந்தால் கேமராவும் கையை விரித்துவிடும். எந்த நேரத்தில் நடந்தது? அந்த இடத்தில் தலைக்கு மேலே பலகை இருக்கிறதா?

10 ஜூலை

இது நம்மூர் ரோட்டின் குறை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. கோடு போட்டு, தடம் பிரித்து, வேலி கட்டிய அமெரிக்கச் சாலைகளிலேயே இது நடந்து, அரசு விசாரணை வரை போயிருக்கிறது.

2019 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, நிசான் ரோக் கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. 2017, 2018 மாடல்கள், ஐந்தரை லட்சம் வண்டிகளுக்கு மேல். எங்கெல்லாம் அடித்தது என்று பார்த்தால் ரயில்வே கிராஸிங், பாலம், தாழ்வாகத் தொங்கும் சிக்னல். எல்லாம் இரும்பு, எல்லாம் அசையாதவை.

2022 பிப்ரவரியில் இன்னும் இரண்டு. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய், 4,16,000 வண்டிகள். ஒன்பது மாதத்தில் 354 புகார்கள் வந்திருந்தன. 2021 மே மாதத்தில்தான் டெஸ்லா வட அமெரிக்காவில் இந்த இரண்டு மாடல்களிலும் ரேடாரை எடுத்துவிட்டுக் கேமராவை மட்டும் நம்பத் தொடங்கியிருந்தது. அதே மாதம் ஹோண்டா: அக்கார்டும் சிஆர்-வியும், சுமார் 17 லட்சம் வண்டிகள், 278 புகார்கள். 2024 ஏப்ரலில் ஹோண்டா விசாரணையை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தினார்கள். வண்டிகளின் எண்ணிக்கை சுமார் 30 லட்சம் ஆனது.

ஹோண்டா விவகாரத்தில் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. டீலரிடம் கொண்டு போனால் எங்களிடம் அப்படி வரவில்லை, அல்லது இது நார்மல் என்று சொல்லி அனுப்பினார்கள் என்பது புகார் கொடுத்தவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. சில வாடிக்கையாளர்களுக்கு இந்த அமைப்பின் எல்லைகள் சரியாகப் புரியவில்லை என்பது நிறுவனம் தந்த விளக்கங்களில் ஒன்று. திண்டிவனத்து "நார்மல்தான் சார்" கடல் கடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

11 ஜூலை

காரணம் பளிச்சென்று தெரிந்த கேஸ் ஒன்றும் இருக்கிறது. 2021 அக்டோபரில் டெஸ்லா அனுப்பிய ஒரு சோதனை மென்பொருளால் கார்கள் பொய்யாக எச்சரித்தன, பொய்யாகப் பிரேக் அடித்தன. உள்ளே இரண்டு சிப்புகளுக்கு இடையே பேச்சு அறுந்ததுதான் காரணம். சில நாளுக்குள் வான்வழியாகவே புதிய மென்பொருள் அனுப்பிவிட்டு, 11,704 வண்டிகளுக்கு ரீகால் (கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது) என்று முறைப்படி பதிவும் செய்தார்கள். கோளாறு இப்படிக் கையில் பிடிபட்டால் ரொம்ப நல்லது. நமக்கு வாய்ப்பதெல்லாம் பிடிபடாத ரகம்.

13 ஜூலை

எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்ன நண்பருக்கு: வண்டி எடுத்த அன்றே நாலு சக்கரத்துக்கும் வைத்தாயிற்று. ரேடாருக்கு வைக்கவில்லை என்பது உண்மைதான்.

14 ஜூலை

என் வண்டியிலும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு. எந்த கம்பெனி என்று எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள்.

எனக்கு அடிக்கடி வருவது வளைவில், போலீஸ் பேரிகேட் வைத்திருக்கிற இடத்தில். நகைக்கடை விளம்பரம் எழுதிய அந்த மஞ்சள் இரும்பு. வலப்பக்கம் வளைகிற ரோட்டின் இடது ஓரத்தில் அது நிற்கும். நான் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குவதற்கு முந்தைய கணத்தில் ரேடார் நேராகப் பார்க்கிறது, நேராகப் பார்த்தால் பேரிகேட். நான் திருப்பப் போகிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் சிவப்பு விளக்கோடு போய்விடும். சில நேரம் ஒரு சின்னப் பிடி. ஓரிரு தடவை முழுப் பிடி. பின் சீட்டில் இருந்த டிபன் கேரியர் முன்னால் வந்து விழுந்தது. சாம்பார் வாடை போக ரொம்ப நாளாயிற்று.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். சோம்பேறித்தனமாகத் தாமதித்துத் திருப்பினால் அடிக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே திருப்பினால் அடிப்பதில்லை. ஆக இப்போது நான் காருக்குப் பிடித்த மாதிரி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். யாருக்கு யார் உதவி என்று தெரியவில்லை.

21 ஜூலை

"நல்ல சென்சாராகப் போட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும், கம்பெனிகள் காசு மிச்சம் பிடிக்கின்றன" என்று ஒரு வாதம் ஓடுகிறது. காசு மிச்சம் பிடிப்பது இருக்கட்டும். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

2016 மே 7, ஃபுளோரிடாவில் வில்லிஸ்டன் அருகே ஒரு டெஸ்லா மாடல் எஸ், ஆட்டோபைலட் என்கிற ஓட்டும் உதவியில் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த டிரெய்லர் லாரி திரும்பி, சாலைக்குக் குறுக்கே வந்தது. கார் பிரேக்கே அடிக்காமல் டிரெய்லருக்கு அடியில் புகுந்தது, ஓட்டியவர் இறந்துபோனார். பிரகாசமான வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கவாட்டு தெரியவில்லை என்றது டெஸ்லா. சரி, கேமராவுக்குத் தெரியவில்லை, ரேடார் என்ன செய்தது? அதற்கு எலான் மஸ்க் ட்விட்டரில் விளக்கம் சொன்னார்: பொய்ப் பிரேக் வராமல் இருக்க, தலைக்கு மேலே உள்ள பெயர்ப் பலகை போலத் தோன்றுவதை ரேடார் ஒதுக்கிவிடும்.

கவனியுங்கள். நம் கேள்வியாளரின் கார் மேம்பாலத்தில் எந்த மாதிரிப் பலகையைப் பார்த்துப் பிடித்திருக்கும் என்று ஊகித்தோமோ, அதே மாதிரிப் பலகையைப் பார்த்து நிற்கக் கூடாது என்று எழுதி வைத்ததில்தான் அங்கே லாரி நழுவிப் போனது. எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயைப் பழக்கி அடக்கினால், திருடன் வந்த அன்றைக்கும் சில நேரம் சும்மா இருக்கும்.

2018 மார்ச் 18, அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் தானியங்கிச் சோதனை வண்டி, ஒரு வால்வோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதியதும் இதே ஜாதி. மோதுவதற்கு ஐந்து நொடிக்கு மேல் இருக்கும்போதே சென்சார் அவரைப் பார்த்துவிட்டது. வண்டி என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது, மாற்றி மாற்றி. ஆபத்து என்று முடிவானபோது கூட ஒரு நொடி பொறுத்திருக்க வேண்டும் என்று மென்பொருளில் எழுதியிருந்தார்கள். எதற்கு? பொய்ப் பிரேக் அடிக்கக் கூடாது என்பதற்கு. அந்த வால்வோவில் கம்பெனி பொருத்திய சொந்த ஏஇபி வேறு இருந்தது. ஊபரின் கம்ப்யூட்டர் ஓட்டும்போது அது வேலை செய்யாதபடி அணைத்திருந்தார்கள்.

நாம் ஓட்டுகிற கார் வேறு, அது தானியங்கிச் சோதனை வண்டி, தெரியும். ஆனாலும் பொய்ப் பிரேக்கே இல்லாத கார் என்று யாராவது விற்க வந்தால், நிஜமான ஆபத்துக்கு அது எவ்வளவு நேரம் யோசிக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

3 ஆகஸ்ட்

திருச்சி போயிருந்தோம். மாமனார் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன் சீட்டில் உட்கார்ந்தார் என்றால் அவர் காலும் சேர்ந்து பிரேக் போடும். பேரிகேட்டில் வண்டி ஒரு பிடி பிடித்ததும் என்னைப் பார்க்காமல் சைடு கண்ணாடியைத்தான் பார்த்தார். பின்னால் ஜல்லி லோடு லாரி.

"பிரேக்குல கால் போறதுக்கு முன்னாடி கண்ணு கண்ணாடிக்குப் போகணும் மாப்பிள்ளை. உங்க வண்டி பின்னாடி பாக்குதா?"

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினேன். பார்க்கவில்லை. பின் பம்பரின் இரண்டு மூலையிலும் ரேடார் இருக்கிறது, ஆனால் அது பிளைண்ட் ஸ்பாட்டுக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருகிற வண்டிக்கும். ஏஇபி முடிவெடுக்க முன்பக்கக் கேமராவும் முன்பக்க ரேடாரும் மட்டும்தான். பின்னால் பத்தடி தள்ளி லோடு லாரி இருந்தாலும் சரி, காலி ரோடாக இருந்தாலும் சரி, பிடி ஒன்றுதான்.

இத்தனை நாள் இந்த விவாதம் முழுக்க முன்னால் என்ன தெரிந்தது என்பதிலேயே நின்றுவிட்டது. கொல்லப் போவது பின்னால் இருப்பது. தடம் பிடித்து இடைவெளி விட்டு ஓட்டுகிற ஊருக்கு இது சின்னக் குறை. நம்ம ஹைவேயில் இடைவெளி விட்டால் அதில் ஒரு டாடா ஏஸ் வந்து நிற்கும்.

5 ஆகஸ்ட்

"முன்னால் குழந்தை நின்றால், பின்னால் லாரி வருகிறது என்று பிரேக் அடிக்காமல் இருக்க முடியுமா?" என்று கேட்டவருக்கு.

முடியாது, நியாயமான கேள்வி. நிஜமாகக் குழந்தை நின்றால் பின்னால் பார்ப்பதில் அர்த்தமில்லை. பொய்யான எச்சரிக்கைக்குத்தான் பின்னால் பார்ப்பது உதவும். ஆனால் அது பொய் என்று காருக்கு அந்த நேரத்தில் தெரியாது. மாமனாருக்குத் தெரியும். பேரிகேட் எது, குழந்தை எது என்று அவர் பத்து நொடி முன்பே முடிவு செய்துவிட்டார். அதனால்தான் கண்ணாடி பார்க்க அவருக்கு நேரம் மிஞ்சுகிறது. கார் கடைசி நொடி வரை காத்திருக்கிறது. ஓட்டுநரே ஒடித்துத் தப்பித்துக்கொள்வாரோ என்று காத்திருந்து, கடைசியில் மொத்தமாகப் பிடிப்பதுதான் இதன் வேலை. மெதுவாகக் காலை எடுத்து, வேகம் குறைத்து, பிரேக் விளக்கை ஒருமுறை காட்டிவிட்டு நிற்பது மனுஷ வேலை.

இன்னொன்று. பொய்ப் பிரேக் என்று தெரிந்தால் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதியுங்கள், பெரும்பாலான கார்கள் பிடியை விட்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கார் திடீரென்று குலுக்கும்போது யாருடைய கால் ஆக்சிலரேட்டருக்குப் போகும்? என் கால் போனதில்லை. காலி இடத்தில் பழகிப் பார்க்கலாம் என்றால், காலி இடத்தில் பொய்ப் பிரேக்கை வரவழைப்பது எப்படி?

17 ஆகஸ்ட்

பம்பர் கதை. நீளமாகத்தான் வரும்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ முன் பம்பரில் உரசிப் போனது. புது பம்பருக்குப் பதில் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது, நானும் மறந்துவிட்டேன். இந்த விவாதம் தொடங்கிய பிறகுதான் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். காலிப்ரேஷன், அதாவது ரேடார் நேராகப் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்வது, என்று ஒரு வரி கூட இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், ரேடார் பம்பருக்கோ லோகோவுக்கோ பின்னால் ஒளிந்திருக்கிறது. பிளாஸ்டிக் வழியாக அலை போகும். பட்டியும் உலோகத் துகள் கலந்த பெயின்ட்டும் தடிமனாக ஏறினால் அலை மங்கும், திசையும் கோணலாகும். ரேடாரைத் தாங்குகிற பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பியிருந்தால் போதும், நூறு மீட்டர் தள்ளி ஒன்றே முக்கால் மீட்டர் விலகிவிடும். நம் ரோட்டில் ஒரு தடமே மூன்றரை மீட்டர்தான். பக்கத்துத் தடத்து லாரி என் தடத்தில் இருப்பதாகத் தெரிய அதில் பாதி போதுமே.

சர்வீஸ் சென்டரில் சொன்னேன். அட்வைசர் நல்ல பையன். "சார், ஸ்கேனரில் பச்சைதான் காட்டுது" என்றான். பச்சை என்றால் ரேடார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நேராகப் பார்க்கிறது என்று அர்த்தமில்லை. டார்கெட் போர்டு வைத்து, சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றெல்லாம் சரிபார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. அந்தக் கிளையில் போர்டே இல்லை. வேறு கிளைக்கு அனுப்பினார்கள், அங்கே அதற்கென்று இருந்த ஒரே ஆள் லீவில். கடைசியில் ஒருவழியாக நடந்தது. எவ்வளவு விலகியிருந்தது என்று எழுதித் தரச் சொன்னேன், அதெல்லாம் தரும் வழக்கம் இல்லையாம்.

இப்போது வளைவில் பேரிகேட்டுக்கு அடிப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு பாலத்தில் மட்டும், காலை வெயிலில் சென்னை நோக்கி வரும்போது, சிவப்பு விளக்கு இன்னமும் வருகிறது. எனவே எல்லாம் காலிப்ரேஷன்தான் என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

முன் கண்ணாடி மாற்றியவர்களுக்கும் இதே பாடுதான். கேமரா அதில்தான் ஒட்டியிருக்கிறது. வெளிக்கடையில் மலிவாக மாற்றிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

24 ஆகஸ்ட்

சென்னை மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில், தோண்டிய பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்களே, அதில் ஏறும்போது பீப் அடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இது உலகப் பிரச்சினைதான். அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் இறுதி செய்த விதிப்படி 2029 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏஇபி கட்டாயம். முன்னால் உள்ள வண்டி மீது மோதாமல் மணிக்கு 62 மைல், அதாவது நம் கணக்கில் 100 கிலோமீட்டர் வரை நின்றாக வேண்டும். அதே விதியில் பொய்ப் பிரேக்குக்கும் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, ரோட்டில் போட்ட இரும்புத் தகட்டின் மேல் ஓட்டுவது. மற்றது, நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து போவது. இரண்டிலும் தேவையில்லாமல் பிடிக்கக் கூடாது.

பேரிகேட்டை இடம் மாற்றி மாற்றி வைத்து, நடுவே ஒரு மாட்டையும் நிறுத்தி மூன்றாவதாக ஒரு சோதனை சேர்த்தால் நமக்குச் சரியாக இருக்கும்.

12 செப்டம்பர்

பிஎம்டபிள்யூ செய்தியை இங்கே ஒட்டிவிட்டு "பாருங்கள், பிரேக்கே போச்சு, நீங்கள் காலிப்ரேஷன் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். இரண்டையும் குழப்ப வேண்டாம். இதுவரை பேசியது பார்வைக் கோளாறு. இது கைகால் கோளாறு.

நடந்தது இது. 2024 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ சுமார் 15 லட்சம் கார்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. அதில் 3,20,000 கார்கள் இன்னும் வாடிக்கையாளர் கைக்கே போகவில்லை. காண்டினென்டல் என்ற உதிரிபாக நிறுவனம் செய்து கொடுத்த ஒருங்கிணைந்த பிரேக் யூனிட்டில் சிக்னல் கோளாறு வரக்கூடும் என்பது காரணம். அந்த வருஷ லாபக் கணிப்பையே குறைத்தார்கள், பங்கு விலை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த யூனிட்டில் நீங்கள் பெடலை மிதிப்பது ஒரு கோரிக்கை மாதிரி. மோட்டார்தான் அழுத்தம் கொடுக்கிறது. மோட்டார் கைவிட்டால் பழைய ஹைட்ராலிக் வழி திறந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும், ஆனால் பெடல் கல்லாக இருக்கும், முழு பலம் போட்டு மிதிக்க வேண்டும். "பிரேக்கே போச்சு" என்பது சரியில்லை.

இதிலும் பழைய கதை உண்டு. மெர்சிடிஸ் 2001-ல் எஸ்எல் காரிலும் அப்புறம் இ-கிளாஸிலும் சென்சோட்ரானிக் என்று எலக்ட்ரானிக் பிரேக் கொண்டுவந்தது. 2004 மே மாதம் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2005 மார்ச்சில் 13 லட்சம், அதில் பிரேக்கோடு வேறு கோளாறுகளும் சேர்த்தி. சென்சோட்ரானிக்கில் மின்சாரம் கைவிட்டால் மாற்று வழி முன் சக்கரங்களுக்கு மட்டும்தான். 2006-ல் இ-கிளாஸைப் புதுப்பித்தபோது சத்தமில்லாமல் பழைய வகைக்கே போய்விட்டார்கள். இன்னும் அந்த வண்டி வைத்திருக்கும் யாராவது பம்ப் விலையைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை முறை பிரேக் மிதித்தீர்கள் என்று உள்ளேயே எண்ணிக்கொண்டிருந்து, கணக்கு முடிந்ததும் மாற்றச் சொல்கிற யூனிட் அது.

2010 பிப்ரவரியில் டொயோட்டா பிரியஸும் மற்ற ஹைபிரிட்களும், உலகம் முழுக்க 4,37,000 வண்டிகள். குண்டுங்குழியுமான, வழுக்குகிற ரோட்டில் மிதிக்கும்போது ஒரு கணம் பிரேக் நழுவுகிற உணர்வு. மோட்டார் பிரேக்கிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறுகிற இடத்தில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மென்பொருள் தாமதித்தது. மென்பொருளை மாற்றியதும் சரியாயிற்று.

கைகால் கோளாறில் குறைந்தது ரீகால் வருகிறது, பாகத்தை மாற்றுகிறார்கள், கதை முடிகிறது. பார்வைக் கோளாறுதான் வருஷக் கணக்கில் "நார்மல்" என்றே ஓடுகிறது.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு சுற்று வந்தேன். லோகோவுக்குப் பின்னால் ரேடார் உள்ள கார்கள் எல்லாவற்றிலும் சரியாக லோகோ மேலேயே சந்தனம், அதன் மேல் குங்குமம். கேமராவுக்கு நேர் எதிரே கண்ணாடியில் பட்டை. மாலை வேறு பம்பரை மூடித் தொங்குகிறது. இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் "அடாஸ் வேலை செய்யலை, முன்பக்க சென்சார் மறைந்திருக்குன்னு வருது, சர்வீஸுக்கு விடணுமா சார்?" என்று கேட்டார். ஈரத் துணி கொடுத்தேன்.

சந்தனப் பொட்டை பானெட்டில் வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

20 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கேட்டதால்.

கனமழையில் அடாஸ் தானாகவே விலகிக்கொண்டு "தற்காலிகமாக இயங்காது" என்று போர்டில் காட்டும். அது பரவாயில்லை, நேர்மையான நடத்தை. பயப்பட வேண்டியது அது விலகாமல் இருக்கும்போதுதான். இரவில், வெளிச்சமில்லாத இடத்தில், கறுப்புக் குடை பிடித்துச் சாலையைக் கடக்கிறவரை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2022-ல் கணக்குப் பார்த்தது. பாதசாரியைக் கண்டு பிரேக் அடிக்கும் அமைப்புள்ள கார்களில் பாதசாரி விபத்துகள் 27 சதவீதம் குறைந்திருந்தன. தெருவிளக்கு இல்லாத இருட்டில் மட்டும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. மேல்மருவத்தூரிலும் மதுராந்தகத்திலும் மீடியன் இடைவெளியில் மக்கள் கடக்கிற இடங்களை நினைத்துப் பாருங்கள்.

கரும்பு டிராக்டர், வைக்கோல் லாரி, கம்பி நீட்டிக்கொண்டு போகிற மினி லாரி. இந்த மூன்றையும் என் கார் மிகத் தாமதமாகவே கண்டுகொள்கிறது. கம்பி லாரியில் அது வண்டியின் உடம்பைத்தான் அளக்கிறது, நீட்டியிருக்கிற கம்பியை அல்ல. அதன் பின்னால் குரூஸ் போட்டுப் போகாதீர்கள்.

22 அக்டோபர்

"இவ்வளவு குறை சொல்லிவிட்டு அணைக்காதே என்றும் சொல்கிறீர்களே?"

ஆமாம். அதே ஐஐஎச்எஸ் கணக்கில், எச்சரிக்கையும் ஏஇபியும் உள்ள கார்கள் முன்னால் போகிற வண்டியின் பின்புறத்தில் இடிப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. செல்போனைப் பார்த்து இடிக்கிற கூட்டம் அதற்குள்தான் வரும். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்று எல்லாரும் நினைக்கிறோம்.

என் ஏற்பாடு இது. ஏஇபி எப்போதும் ஆன். எச்சரிக்கைத் தூரத்தை நடுத்தரத்திலிருந்து "அருகே" என்று மாற்றியிருக்கிறேன், வெட்டிச் சத்தம் குறைந்தது. அடாப்டிவ் குரூஸ் நான்குவழிச் சாலையில், பகலில், கூட்டம் இல்லாதபோது மட்டும். ஊருக்குள்ளும் இருவழிச் சாலையிலும் இல்லை. தடம் பிடிக்கிற உதவியை அணைத்துவிட்டேன். குழியைத் தவிர்க்க ஒடித்தால் அது ஸ்டியரிங்கைத் திரும்பக் குழி பக்கமே இழுக்கிறது. மனைவிக்கு எல்லாமே ஆனில் இருந்தால்தான் நிம்மதி. "நீங்க ஓட்டும்போது அது இருக்கட்டும்" என்கிறாள். உள்குத்து புரிகிறது.

9 நவம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, அதே பாலத்தில் அதே பிடி, அதே "நார்மல்தான்" என்று எழுதியிருக்கிறார். இனி சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மேலே போங்கள்.

2021 ஏப்ரல் முதல் நம் ஊரிலும் கட்டாய ரீகால் விதி இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அரசின் வாகன் இணையதளத்தில் உரிமையாளர் நேரடியாகப் புகார் பதியலாம். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கிற கார் என்றால் 1,250 புகார் சேர்ந்தால்தான் கட்டாய ரீகால் நடவடிக்கை நகரும். அமெரிக்காவில் 17 லட்சம் ஹோண்டாக்களுக்கு விசாரணை தொடங்க 278 புகார் போதுமாக இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். விசாரணையும் ரீகாலும் ஒன்றல்ல, ஒப்பீடு முழுக்கச் சரியில்லைதான். ஆனாலும் நம்மில் எத்தனை பேர் ஒன்றாவது பதிந்திருக்கிறோம்? இங்கே புலம்பியவர்களில் "பதிந்தேன்" என்று ஒருவர் கூட எழுதவில்லை. நான் பதிந்தது ஆகஸ்டில்.

பதியும்போது "தானாகப் பிரேக் அடிக்கிறது" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். தேதி, நேரம், இடம், வேகம், வெயிலா மழையா, முன்னால் என்ன இருந்தது, குரூஸ் ஆனா, சிவப்பு எச்சரிக்கை வந்ததா. டாஷ்கேம் இருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கமும் பதிவாகிற மாதிரி வையுங்கள். அப்படியே பின்னால் வருகிறவன் வந்து இடித்தாலும் இன்சூரன்ஸில் காட்ட அதுதான் உங்களிடம் இருக்கும். சர்வீஸ் சென்டர் எழுதுகிற ஜாப் கார்டில் உங்கள் வாக்கியத்தை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

11 நவம்பர்

பின்பக்க டாஷ்கேமுக்கு ஒயர் இழுக்கும்போது, ஜன்னலுக்கு மேலே மறைந்திருக்கிற கர்டன் ஏர்பேக் மேலாக இழுக்கக் கூடாது, பின்னாலேயே போக வேண்டும். இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் இல்லையென்றால் ஷோரூமிலேயே கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் சரி.